செவலைக்காக அடித்த சீழ்க்கை

டீசல் புகையும் புதிதாய் அறுத்த வைக்கோலின் பச்சை வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால், எனக்கு இன்றும் எங்கள் செவலை நாயின் நினைவுதான் வரும். குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊர் வயல்களுக்கு "அறுப்பு மெஷின்" வரத் தொடங்கியிருந்த காலம் அது. மெஷின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே அறுத்துக்கொண்டு வர, எலிகளெல்லாம் நடுவில் நிற்கும் கடைசிக் கதிருக்குள் போய் ஒண்டிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து நாயை உள்ளே ஏவிவிடுவது ஊர் வழக்கம். ஒரு போகம் முழுக்க நெல்லைத் தின்ற எலிகள்மேல் எல்லோருக்கும் அவ்வளவு ஆத்திரம்.

செவலையை ஏவுவது என் வேலை. இரண்டு விரலை வாயில் வைத்து நான் அடிக்கும் சீழ்க்கை மூன்று வயல் தள்ளிக் கேட்கும். பொம்பளைப் பிள்ளைக்கு இது தேவையா என்று பக்கத்து வயல்காரரான தாய்மாமா சலித்துக்கொள்வார். அப்பா சிங்கப்பூரில் இருக்க, குத்தகை வயலையும் என்னையும் தனியாளாகக் கட்டிக் காத்த அம்மா அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. பதினொரு வயதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தத் தை மாதம், மெஷின் கடைசிச் சுற்றை முடித்து நிற்கும் முன்பே அவசரப்பட்டுச் சீழ்க்கை அடித்துவிட்டேன். கதிருக்குள் பாய்ந்த செவலை ஓட்டுநரின் கண்ணில் படவில்லை.

அம்மா அதைச் சாக்கில் ஏந்தி மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுவந்தாள். மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்தார். முதுகெலும்பு நொறுங்கிவிட்டது, பிழைக்க வழியில்லை, இரண்டு மூன்று நாள் வலியில் துடித்துத்தான் போகும் என்றார். ஊசி போட்டு முடித்துவிடலாமா என்று அம்மாவைக் கேட்டார்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "பைரவர் வாகனம்மா அது. ஊசி போட்டுக் கொன்னா பாவம் சும்மா விடாது. ஆத்தங்கரையில விட்டுடு, அது விதிப்படி போவட்டும்."

அம்மா செவலையின் தலையிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள். "கரையில விட்டா அதுக்கு வலிக்காதாண்ணே? நம்ம கண்ணுல படாது, அவ்வளவுதான். பாவம்னா அது எனக்கே வரட்டும். நீங்க ஊசி போடுங்க சார்."

கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து அழுதுகொண்டிருந்த என்னை அப்புறம் கூப்பிட்டாள். எல்லாம் என்னால் வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை திட்டவில்லை.

"உன் சீழ்க்கைன்னா அதுக்கு உசுரு. பக்கத்துல உக்காந்து மெதுவா அடி."

முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் முறை சத்தம் வந்தது. செவலை காதை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. டாக்டர் ஊசியைப் போட, அந்தக் காது தளர்ந்து மடியும்வரை நான் நிறுத்தவில்லை. மாமா மண்வெட்டியை எடுத்துப் போய் வாய்க்கால் மேட்டில் தாமே குழி வெட்டினார்.

ஓர் உயிரை நாம் முடிக்கலாமா என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் மாமா கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னபோது மூடாதவள் என் அம்மா. தப்பைச் செய்துவிட்டு ஓடாமல் நானும் கடைசிவரை அங்கே உட்கார்ந்திருந்தேன். இரண்டிலும் எனக்குப் பெருமைதான்.

இப்போதும் தை பிறந்தால் மெஷின் வருகிறது. நாயை ஏவும் வழக்கம் மட்டும் எங்கள் ஊரில் இல்லை. அடுத்த வருடமே தன் நாயை முதலில் கட்டிப்போட்டவர் மாமாதான். பிறகு ஒவ்வொரு வீடாக அப்படியே ஆகிவிட்டது. போய்விட்ட பழைய வழக்கங்களில் நான் சந்தோஷப்படுவது இது ஒன்றுக்குத்தான். மெஷின் சத்தம் கேட்டுக் கட்டிய நாய்கள் திமிறும்போது, நரைத்த தலையோடு வரப்பில் நிற்கும் அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அன்று அடித்த மாதிரியே மெதுவாக ஒரு சீழ்க்கை அடிப்பேன். அதற்குப் பழகிப்போன நாய்கள் அப்படியே படுத்துக்கொள்ளும்.