சனிக்கிழமை முறைத் தண்ணீர்

பொய் சொல்வதில் எனக்குப் பெரிய சாமர்த்தியம் கிடையாது. ஆனாலும் அந்தக் கார்த்திகை மாதத்துப் புதன்கிழமை ஒரே நாளில் இரண்டு பொய் சொன்னேன். ஒன்று அக்காவிடம், இன்னொன்று என் மனைவியிடம். இரண்டு பேரும் அப்படியே நம்பிவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கடையில் விற்பனையாளராக இருந்தேன். அக்கா பல்லடத்துக்குத் தெற்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். நான்கு ஏக்கர் காடு, வாய்க்கால் பாசனம். ஆற்றங்கரைக்காரர்கள் நினைப்பது போல நினைத்த நேரத்தில் மடையைத் திருப்பிக்கொள்கிற பாசனம் இல்லை அது. அணையில் திறந்தால் ஒரு வாரம் தண்ணீர் வரும், மறு வாரம் நின்றுவிடும். வருகிற வாரத்திலும் ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று முறை உண்டு. கடிகாரத்தைப் பார்த்து மடையைத் திறப்பார்கள், கடிகாரத்தைப் பார்த்து அடைப்பார்கள். போன முறை போனதுதான், அழுதாலும் திரும்பக் கிடைக்காது. அக்காவின் காடு கடைமடையில், வாய்க்காலின் கடைசியில் இருந்தது. மேலே இருப்பவர்கள் தண்ணீரில் கைவைக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வாய்க்கால் கரையிலேயே நடந்துகொண்டிருக்க வேண்டும். இன்னொரு ஆள் மம்மட்டியோடு காட்டுக்குள் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்ட வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் ஆகாது.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. அக்கா போட்டிருந்த மக்காச்சோளம் கதிரில் பால் பிடிக்கிற பருவம். இந்த நேரம் பார்த்து மாமா மொபெட்டிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். திங்கட்கிழமை அக்கா அவள் ஊர் மளிகைக் கடையிலிருந்து என் கடைக்குப் போன் செய்தாள்.

"கண்ணு, சனிக்கெழம பொழுதோட ஆறு மணிக்கு நம்முளுக்கு முறை. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும். நீ வாய்க்கா மேல நடந்துக்கிட்டீன்னா நான் தண்ணி கட்டிக்குவேன். உனக்குத் தோதுப்படலீன்னா இப்பவே சொல்லிப்போடு, வேற ஆளு பாத்துக்கறேன்."

"எதுக்குக்கா வேற ஆளு? நான் வாரேன்," என்றேன். அப்படிச் சொன்னபோது அது உண்மைதான்.

புதன்கிழமை காலையில் முதலாளி கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினார். நிறைய மோட்டார் விற்றதற்காகக் கம்பெனிக்காரர்கள் கடைக்குக் கொடுத்த பரிசு. ஆலப்புழையில் படகு வீடு, இரண்டு பேருக்கு, ஒரு ராத்திரி தங்கல், ரயில் டிக்கெட்டோடு. அவருக்குப் போகத் தோதில்லை. "நீங்க போயிட்டு வாங்க. கல்யாணம் பண்ணி ஆறு வருஷமா அந்தப் புள்ளைய எங்கயுமே கூட்டிட்டுப் போகலீன்னு கேள்விப்பட்டேனுங்க," என்று சொல்லித் தன் கேமராவையும் கொடுத்தார். கவரைப் பிரித்துத் தேதியைப் பார்த்தேன். சனிக்கிழமை. வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன், முடியாது என்றார். நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஆசையும் இல்லை, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மளிகைக் கடைக்குப் போன் செய்து அக்காவை வரவழைத்தேன். கம்பெனியில் கொச்சிக்கு ட்ரெயினிங் அனுப்புகிறார்கள், தட்ட முடியவில்லை என்றேன். வாய்க்கால் தண்ணீர் வருகிற வாரத்தில் எல்லோரும் அவரவர் காட்டில்தான் இருப்பார்கள், கூலிக்குக்கூட ஆள் கிடைக்காது. அது எனக்குத் தெரியாததா?

"வேலைன்னா போய்த்தானே ஆகோணும். நான் எப்படியோ பாத்துக்கறேன். நீ பத்தரமாப் போயிட்டு வா சாமி," என்றாள். அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு எரிந்து விழுந்து மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் டிக்கெட்டைக் காட்டினேன். முகம் மலர்ந்து, உடனே வாடியது. "சனிக்கெழம அண்ணி ஊட்டுக்குத் தண்ணி கட்டப் போகோணும்னீங்களே?"

"மாமா வேற ஆளு சொல்லிட்டாராம்."

அவ்வளவுதான். அன்று மாலையே பீரோவின் அடியிலிருந்து கல்யாணத்துக்கு வாங்கிய சூட்கேஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

சனிக்கிழமை ஆலப்புழையில் இறங்கியதும் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டிடி பூத் கண்ணில் பட்டது. மனைவியை நிழலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய் மளிகைக் கடை எண்ணைச் சுற்றினேன். ஆள் கிடைத்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவதாக உத்தேசம். "அலோ, யாருங்க பேசறது?" என்று கடைக்காரர் குரல் கேட்டது. வைத்துவிட்டேன். கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்தான்.

படகு பெரிதாக இருந்தது. அந்தக் காலத்தில் நெல் ஏற்றிய வள்ளமாம், ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்தது. மேலே மூங்கிலும் பாயும் சேர்த்துக் கூரை, உள்ளே ஒரு அறை, முன்பக்கம் இரண்டு சாய்வு நாற்காலி. ஓட்டுவதற்கு ஒருவர், சமைப்பதற்கு ஒருவர். சமையல்காரருக்கு என் அப்பா வயதிருக்கும், கொஞ்சம் தமிழ் தெரியும். படகு கிளம்பியது. இரண்டு பக்கமும் தண்ணீர், முன்னால் தண்ணீர், வீட்டு வாசல்படியில் தண்ணீர். கரையில் ஒரு பெண் ஒரே ஒரு தட்டைக் கழுவுவதற்காக நாலு சொம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரென்றே தெரியாத அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் வந்தது. என் மனைவி கொலுசைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, படகின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தாள். நடுநடுவே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நாலு மணி வாக்கில் ஒரு பெரிய வயலை ஒட்டிப் படகு போனபோது மோட்டார் சத்தம் கேட்டது. பழகிய காது, சும்மா இருக்குமா? எட்டிப் பார்த்தேன். வரப்புமேல் ஒரு கொட்டகை, அதற்குள் மோட்டார், அதிலிருந்து ஆள் உயரப் பலகைப் பெட்டி வழியாகத் தண்ணீர் வெள்ளை வெளேரென்று கால்வாய்க்குள் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் பத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சேர்த்தாலும் அந்தக் கனத்துக்கு வராது. வயலுக்குத் தண்ணீர் எடுக்கிறார்களா என்று சமையல்காரரிடம் கேட்டேன்.

"அல்ல சாரே. வயல்லேர்ந்து வெளிய களையறது," என்றார். வயல் கால்வாயைவிடப் பள்ளத்தில் இருக்கிறதாம். உள்ளே நிற்கிற தண்ணீரையெல்லாம் வெளியேற்றினால்தான் நெல் விதைக்க முடியுமாம். இரவும் பகலும் ஓட்ட வேண்டுமாம். அது அவருக்குப் பெரிய சலிப்பு. குடிக்கிற தண்ணீரோ எங்கிருந்தோ குடத்தில் வருகிறது என்று அதற்கும் சேர்த்துச் சலித்துக்கொண்டார்.

ஊர் ஊராகப் போய்த் தண்ணீரை உள்ளே இழுக்கிற மோட்டாரை விற்றவன் நான். தண்ணீரை வெளியே தள்ளுவதற்கும் ஒரு மோட்டாரை அன்றைக்குத்தான் பார்த்தேன். என்ன நினைத்தேனோ, கேமராவை எடுத்து ஒரு படம் பிடித்தேன்.

ஆறு மணிக்குப் படகை ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் கட்டிவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் மீனவர்கள் வலை விரிப்பார்களாம், அதற்குமேல் படகு ஓடக்கூடாது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அக்கா இந்நேரம் மடையைத் திறந்திருப்பாள்.

அதன்பிறகு அந்தக் கடிகாரம் என்னை விடவில்லை. ஏழு மணிக்கு டீயும் பழம்பொரியும் வந்தன. எட்டரைக்குக் கரிமீன் வறுவலோடு சோறு. மென்று விழுங்கினேன். படகின் அடியில் தண்ணீர் சளக் சளக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. வேறு நாளாக இருந்தால் தாலாட்டு மாதிரிதான் இருந்திருக்கும். "ஏனுங்க, மொகம் ஏன் இப்படி இருக்குது? ஒடம்பு சேரலீங்களா?" என்று மனைவி கேட்டாள். "சித்த நேரம் சும்மா இருக்க உடறயா?" என்று சீறினேன். எழுந்து அறைக்குள் போய்விட்டாள். ஆறு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஊர்ப்பயணம் அது. அதையும் கெடுத்தேன். இரண்டு மணி ஆகும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன், என்னவோ அப்படி உட்கார்ந்திருந்தால் வாய்க்காலைக் காவல் காக்கிற மாதிரி.

அடுத்த புதன்கிழமை நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு அக்கா ஊருக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தெரிந்துவிட்டது. காட்டின் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் சோளம் கருகருவென்று நின்றது. அந்தப் பக்கம் தோகையெல்லாம் சுருண்டு கிடந்தது.

ஆள் கிடைக்கவில்லை. மாமாவை வண்டியில் வைத்துக் கொண்டுபோய் மடைப் பாலத்தின்மேல் டார்ச் லைட்டோடு உட்கார வைத்திருக்கிறாள். ஒன்பது மணிக்குத் தண்ணீர் சிறுத்துவிட்டது. அவர் கத்தியிருக்கிறார். அக்கா மம்மட்டியைப் போட்டுவிட்டு இருட்டில் வாய்க்கால் கரையோடு மேலே நடந்து, யாரோ கல்லும் சாக்கும் போட்டுத் திருப்பியிருந்ததைப் பிடுங்கிவிட்டு ஓடி வந்திருக்கிறாள். வருவதற்குள் காட்டுக்குள் பாத்தி உடைந்து தண்ணீர் பாதைக்குப் போய்க்கொண்டிருந்ததாம். அதைக் கட்டி முடித்ததும் மறுபடி தண்ணீர் சிறுத்தது. இப்படி மூன்று தடவை. ரெண்டு மணிக்கு மடையை அடைத்தபோது நனைந்தது ரெண்டு ஏக்கர்.

"திருப்புனது யாருன்னு தெரியுமாக்கா?"

"தெரிஞ்சு என்ன பண்ணறது? அவுங்க சோளமும் வாடித்தானே கெடக்குது," என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ எதுக்குக் கண்ணு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கற? வேலையா இல்லாட்டி நீ வராம இருப்பயா?" என்று சொல்லி, சிப்ஸைத் தட்டில் கொட்டி எனக்கே கொண்டுவந்து வைத்தாள். சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான் சிப்ஸைத் தின்றேன்.

அடுத்த முறை வருவதற்குள் அந்த ரெண்டு ஏக்கரும் மணி பிடிக்காமல் பொக்காகிவிட்டது. வெட்டி மாட்டுக்குப் போட்டார்கள்.

பொங்கலுக்கு இரண்டு பேருமாக அக்கா வீட்டுக்குப் போனோம். பிலிம் ரோலைக் கழுவிப் படம் வந்திருந்தது. அதை மனைவி பையில் எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. சாப்பிட்டு முடித்ததும் ஆசை ஆசையாக எடுத்து அக்கா மடியில் வைத்தாள். அந்தக் கேமரா ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஆரஞ்சு நிறத்தில் தேதி போடுகிற கேமரா. அக்கா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் சாய்வு நாற்காலியில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்த படத்தில் அவள் கை நின்றது. முறைத் தேதி எந்தக் கடைமடைக்காரருக்கு மறக்கும்?

"இது கொச்சியா அம்மணி?"

"இல்லீங்கண்ணி, ஆலப்பொழ. மாமா வேற ஆளு சொல்லிட்டாருன்னு இவரு சொன்னாருங்க, அதுனாலதான்..." என்று ஆரம்பித்தவள், என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அக்கா மிச்சப் படங்களையும் அவசரமில்லாமல் பார்த்தாள். கடைசியில் அந்த மோட்டார் படம் வந்தது.

"இதென்னது, இத்தன தண்ணி ஊத்துது?"

மனைவிதான் மெதுவாகச் சொன்னாள். "வயல்ல இருக்கற தண்ணியங்க. வேண்டாம்னு வெளிய எறைக்கறாங்களாமா."

"வெளியவா?" என்றாள் அக்கா. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மணி, இதொண்ண மட்டும் நான் வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

திரும்பும்போது பஸ் சூலூர் வந்தது. மனைவி, "என்னையும் சேத்திப் பொய்க்காரி ஆக்கிப்போட்டீங்களே," என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்து வந்த முறைக்கு அக்கா போன் செய்யவில்லை. விசாரித்து நானாகவே போனேன். பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை நிறுத்தியிருந்தாள். நான் மம்மட்டியை எடுக்கப் போனபோது கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, உட்காரச் சொல்லி நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள். கோபத்தின் சாயல்கூட இல்லை. விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை எல்லாம் செய்தாள். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வேலைக்கும் என்னைக் கூப்பிட்டதில்லை. நானும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும் என்றுதான் பஸ் ஏறுவேன்.

அந்தப் படம் இப்போதும் அக்கா வீட்டு ஆசாரத்துச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கேட்காமல் இருப்பதில்லை. போன மாதம் நான் இருக்கும்போதே ஒருவர் கேட்டார், "ஏனுங்க, இத்தன தண்ணி எந்த ஊர்லீங்க?" என்று.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே சொன்னாள்:

"கேரளாவுலீங்க. என்ற தம்பி போயிருந்தப்பப் புடிச்சது. அன்னைக்குத்தான் நம்முளுக்கு முறை."