பிச்சுமணி கையை எடுத்தார்

மட்டாஞ்சேரி சுக்குக் கிடங்கில் வேலை பார்த்த பிச்சுமணி, பஜனை மடத்தில் ஆர்மோனியம் வாசிப்பார். 1954இல் ராமநவமிக் கச்சேரி நடுவே அனந்தராம பாகவதர் பாட்டை நிறுத்திவிட்டுச் சபைக்கே கேட்கும்படி அவரிடம் சொன்னார்: “ரேடியோக்காராளே விலக்கின பொட்டியாக்கும் இது. கமகம் வராது. நீர் எறங்கும் ஓய்!”

எல்லாரும் சிரிக்க, பிச்சுமணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பன்னிரண்டு வருஷம் அந்த அவமானத்தை மனசுக்குள் ஆறவிடாமல் வைத்திருந்தார்.

குரல் தேய்ந்துபோன பாகவதர் ஒருநாள் அவர் வீட்டுக்கே வந்தார். “மேலே போனா தொண்டை நிக்கறதில்லை. நீர் வாசிச்சு மறைச்சுத் தரணும்.”

“அதுக்கென்ன, வரேன்” என்றார் பிச்சுமணி.

அந்த வருஷ ராமநவமிக் காலையில், பாகவதர் தடுமாறிய இடங்களையெல்லாம் பிச்சுமணியின் விரல்கள் தாங்கின. சபை சொக்கிப்போனது. தைரியம் வந்து பாகவதர் உச்சத்துக்குத் தாவினார். அப்போது பிச்சுமணி கையை எடுத்துவிட்டார். விரிசல் விட்ட குரல் தனியே கிடந்து தவித்தது. பாகவதர் பாட்டை முடிக்காமலே எழுந்து போனார்.

“வயசானவராச்சே, இத்தனை வேணுமா?” என்று மத்தியானம் இலை போட்டபடி மனைவி கமலாக்ஷி கேட்டாள்.

“வேணும்” என்றார். “சாதம் இன்னும் கொஞ்சம் போடு.”