வாத்துப் பட்டியில் கற்ற பாட்டு

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். செங்கல் சூளை, லாரி, ஓட்டல் என்று எதிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. வாத்து மேய்ப்பதில் மட்டும்தான் நிலைத்தேன். காரணம் என் கூட்டாளி. அறுப்பு முடிந்த வயல்களைத் தேடித் திருவாலங்காடு, ஆர்.கே.பேட்டை என்று இருவரும் சேர்ந்தே ஓட்டிப் போவோம். அவன் கிறிஸ்தவன். எனக்குத் திருத்தணி முருகன்.

பொழுது சாயும்போது வலையை வளைத்துக் கட்டி வாத்துகளைப் பட்டியில் அடைப்போம். அப்போது அவன் ஒரு பாட்டு எடுப்பான். 'அடைக்கலாம்' என்று அதில் திரும்பத் திரும்ப வரும். வாத்து அடைக்கிற பாட்டு என்றுதான் நினைத்தேன். நானும் கூடச் சேர்ந்து கத்துவேன்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து தனியாக வலையைக் கட்டப் போனேன். பாட்டு எடுக்க வாய் வரவில்லை, கையும் ஓடவில்லை. வாத்துகளை விற்றுவிட்டு ஏதாவது லாரியில் ஏறிவிடலாம் என்று முடிவு செய்து, சொல்லிக்கொண்டு போக அவன் வீட்டுக்குப் போனேன்.

அங்கே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. சபையார் பாயில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடினார்கள். என்னை அறியாமல் நானும் சேர்ந்தேன். எல்லாரும் 'அடைக்கலம்' என்ற இடத்தில் என் குரல் மட்டும் 'அடைக்கலாம்' என்று ஓங்கி ஒலித்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அழுது வீங்கிய முகத்தோடு அவன் மனைவி சிரித்துவிட்டாள்.

பல்லவி முடிந்து சபையார் நிறுத்தியபோது கேட்டாள்: "இன்னாண்ணா, எங்க கர்த்தரையும் பட்டியில அடைச்சிட்டியா?"

"வாத்துப் பாட்டுன்னு நெனச்சிகினு இருந்தேம்மா."

"எங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"ஆங். நான் பாடுறப்பல்லாம் அவன் ஏன் சிரிச்சான்னு இப்பதான் புரியுது."

"திருத்தாமலேயே போய்ட்டாரு பாரு. இன்னும் நாலு சரணம் இருக்குது. அதையாவது ஒழுங்கா பாடு."

உட்கார்ந்து மிச்சத்தையும் கேட்டுக் கேட்டுக் கூடவே பாடினேன். சாவைப் பூசி மெழுகாமல் நேராகச் சொன்னது அந்தப் பாட்டு. ஒருவர் குரல் உடைந்தால் அடுத்தவர் எடுத்துக்கொண்டார். என் குரலும் உடைந்தது, பாட்டு நிற்கவில்லை. அன்றுதான் என்னால் அழ முடிந்தது.

வாத்துகளை விற்கவில்லை. கிருத்திகைக்கு மலை ஏறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் கடைசிப் பாயில் உட்காருகிறேன். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இரண்டாம் சரணம் வரை இப்போது புத்தகம் பார்க்காமல் பாடுவேன். மூன்றாவதில் குரல் மேலே ஏறும் இடம்தான் இன்னும் பிடிபடவில்லை.