எங்கள் கையில் தின்னாத நாய்

பர்மாவில், தாகேதா என்ற பகுதியில் நான் சமைக்கும் தையல் பட்டறைக்கு ஒரு நாய் இருந்தது. சும்மா படுத்துக் கிடந்த நாய் இல்லை. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் பக்கத்தில் போய் நின்று குரைக்கும், காவல்காரர் எழுந்து போவார். மேலாளரின் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அது எழுந்துவிடும். பெண்கள் பேச்சை நிறுத்தித் தையலில் குனிவார்கள். சம்பளம் வாங்காத மேஸ்திரி என்பேன் நான்.

பெண்கள் நாற்பது பேர், எல்லாரும் பர்மாக்காரிகள். சாப்பாட்டைத் திறந்ததும் முதல் கவளம் நாய்க்குத்தான், புண்ணியம் என்று. நானும் கொடுப்பேன். யார் கை நீட்டினாலும் வாய் திறக்கும்படி வளர்த்துவிட்டோம்.

ஒரு திங்கட்கிழமை காவல்காரர் அடுக்களைக்கு வந்தார். அவர் நம் தமிழாள்.

"பெரியம்மா, வியாழக்கெழம தெருநாய்ங்களுக்கு விஷ மருந்து வச்ச கறி போட முனிசிபாலிட்டி ஆளுங்க வர்றாங்களாம்."

"உள்ள கட்டிப் போடுங்க."

"மேலாளர் கூடாதுன்னுட்டாரு. நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்."

"தாமுவேல என் வீட்டுக்கு ஏழு மாடி ஏறணும். ஒத்த ரூமு, ஆறு பேரு. நாய என் தலைமேலயா படுக்க வைக்க?"

மேலாளரிடம் போய் ஒரு வார்த்தை கெஞ்சியிருக்கலாம். நான் யாரிடமும் கெஞ்சிப் பழகியவள் இல்லை. போகவில்லை.

அதற்குப் பதிலாக, பிறர் கையில் வாங்கித் தின்னாமல் இருக்க நாயைப் பழக்க நினைத்தேன். பச்சை மிளகாயை அரைத்துக் கறிக்குள் வைத்தேன். பெண்கள் அதை நீட்ட வேண்டும், நாய் வாயை வைத்ததும் நான் அகப்பையால் அடிக்க வேண்டும். அவர்கள் மறுத்தார்கள். குடுத்துட்டு அடிச்சா பாவம், அமேஜீ, என்று ஒருத்தி அழுதாள். என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள், பெரியம்மா என்பதுபோல.

"செத்தா பாவமில்லையா? நீட்டுடி!" என்று பர்மியத்தில் கத்தினேன்.

இரண்டு நாள் அடித்தேன். அடிக்கும்போதெல்லாம் அது என் முகத்தையே பார்த்தது. புதன்கிழமை மதியம் நாற்பது கைகள் நீண்டன, அது ஒன்றின் பக்கமும் போகவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு நானே சோறு பிசைந்து நீட்டினேன். என் கையைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தது. இரவும் சாப்பிடவில்லை என்றார் காவல்காரர்.

வியாழக்கிழமை காலையில் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் கை நீட்டவில்லை. கறித் துண்டுகளைச் சாக்கடை ஓரமாக வீசிக்கொண்டே போனார்கள். தரையில் கிடப்பதைத் தின்னாதே என்று நான் அதற்குச் சொல்லித் தரவே இல்லையே. பசித்த நாய், நேரே போனது.

"வேணாம், வந்துடுறா, வந்துடு!" என்று அடுக்களையிலிருந்து ஓடினேன். என் கையில் அகப்பை இருந்தது எனக்கே தெரியாது. அது என்னைப் பார்த்தது, கறியைக் கவ்விக்கொண்டு ஓடியது. அகப்பையை எறிந்துவிட்டுத் துரத்தினேன். நான் கூப்பிடக் கூப்பிட, ஓடிக்கொண்டே விழுங்கியது.