அண்ணி இறக்கி வைத்த நூறு கிலோ

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் செனாயில், தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு சின்ன ஜிம்மில், நூறு கிலோ மாட்டிய இரும்புத் தண்டின் முன்னால் நெற்றி நிறையத் திருநீறோடு அண்ணி நின்றது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. தைப்பூச விரத நாள்கள் அவை. ஒரு வேளைச் சைவச் சாப்பாடு, தரையில் பாய் போட்டு அரைகுறைத் தூக்கம். அந்த நிலையில்தான் தன் முழு பலம் எவ்வளவு என்று சோதித்துப் பார்த்தே தீருவேன் என்றார். எங்கள் வீட்டுப் பிடிவாதம் போதாதென்று தன் பங்குக்கும் கொஞ்சம் கொண்டு வந்திருந்தார்.

அவர் ஜிம்முக்குப் போனது அழகுக்காக அல்ல. பக்கவாதம் வந்து படுத்துவிட்ட என் அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது ஒருநாள் அண்ணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அண்ணன் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன்பே கிளம்பினால் இரவுதான் திரும்புவான். நான் தொழிற்சாலையில் இருப்பேன். அப்பாவைத் தூக்க அண்ணியை விட்டால் ஆளில்லை.

கோச் தயங்கினார். "அக்கா, உச்சம் தெரிஞ்சா நல்லதுதான். பயிற்சிக்கு எவ்வளவு போடலாம்னு சரியா சொல்லிடுவேன். ஆனா வெறும் வயித்தோட, தூக்கம் இல்லாம வேணாம்லா. முதுகு போச்சுன்னா போச்சு."

"முருகன் பாத்துக்குவாருலா," என்றார் அண்ணி.

தண்டு முழங்கால்வரை வந்தது. முதுகு வளையத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் ஏறிவிடும் என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அண்ணி இழுக்கவில்லை. மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, கையில் பூசியிருந்த வெள்ளைப் பொடியைத் தட்டினார்.

"காலையில மாமாவ தூக்கணுமே," என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்குப் பொங்கி வந்த அன்பைச் சொல்லி மாளாது.

பூசம் முடிந்து, மீன் குழம்பும் சோறுமாகச் சாப்பிட்டுத் தேறிய பிறகு, அதே நூறு கிலோவைத் தூக்கிக் காட்டினார். செய்தி கேட்ட அப்பா, குழறும் நாக்கோடு, "அப்ப இனிமே என்னை ஒத்தக் கையால தூக்கு," என்றார். அண்ணி சிரித்த சிரிப்பில் அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்த கஞ்சி சிந்திவிட்டது.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. போன வாரம் அண்ணி நூற்றிருபதுக்குப் போனார். பாதியில் முதுகு வளைந்தது. "விட்டுருங்கக்கா!" என்று கோச் கத்தினார். அண்ணி விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கி நிமிர்ந்தே விட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்ன அண்ணி நீங்க, முதுகு என்னத்துக்கு ஆவுறது?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"வலிச்சா வலிச்சிட்டுப் போவுது பாப்பா. காலையில தூக்குறதுக்கு இப்ப யாரு இருக்கா?"