செங்கல் சூளை வந்தால் போனை அணைக்கணும்

எம்.இ. மொபைல் கம்யூனிகேஷன்ஸில் நான் சேர்ந்தபோது, செல்போன் ரிப்பேர் கற்றுக்கொள்கிறேன் என்றே எங்கள் தெருவில் பாதிப் பேர் நினைத்தார்கள். சென்னையில் கல்லூரி முடிந்து மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டி வந்து இறங்கினால், சார்ஜ் ஏறாத போனோடு யாராவது வாசலில் நிற்பார்கள். இரண்டு பேருக்கு விளக்கிப் பார்த்தேன். மூன்றாமவருக்குப் பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தேன். போன் பிழைத்துக்கொண்டது, என் மானம்தான் போனது.

கடைசி செமஸ்டரில் புராஜெக்ட். டவரை விட்டு விலக விலக சிக்னல் எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போட்டு, நேரில் அளந்து ஒப்பிட வேண்டும். அளக்கும் கருவி லட்சக்கணக்கில் விலை. ஆகவே ஒரு பழைய போனில் மறைந்திருந்த மெனு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டேன். திரையில் சிக்னல் அளவும், அதற்குக் கீழே டவரின் எண்ணும் தெரியும். கும்மிடிப்பூண்டி டவரிலிருந்து மாதர்பாக்கம் வரை ஷேர் ஆட்டோவில் போய் அளப்பதாகத் திட்டம். ஆந்திர எல்லைப் பக்கம் தனியாகப் போகாதே என்று அப்பா சொன்னதால் அம்மாவும் கூடவே வந்தாள். நான் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். அதற்குள் அம்மா ஆட்டோவில் உள்ள எல்லோருடைய குடும்பக் கதையையும் கேட்டு முடித்துவிடுவாள்.

பத்து நாள் அளந்து வரைபடம் போட்டு, புராஜெக்டுக்கு வழிகாட்டிய பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஒழுங்காக இறங்கிவந்த கோடு, கடைசி இரண்டு கிலோமீட்டரில் குபுக்கென்று ஏறியிருந்தது.

"டவரை விட்டுத் தூரப் போனா சிக்னல் ஏறுதாம்மா? புதுசா ஃபிசிக்ஸ் ஏதாவது கண்டுபிடிச்சிருக்கியா?"

அளந்ததில் தப்பே இல்லை என்று வாதாடினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல், இல்லாவிட்டால் அடுத்த செமஸ்டரில் பார்க்கலாம் என்று அவர் அமைதியாகச் சொல்லிவிட்டார். ஆறு மாதம் வீண்! ரயிலில் பொன்னேரி வரை அழுதேன். அதற்குப் பிறகு பசித்தது.

மறுநாள் மறுபடியும் ஷேர் ஆட்டோ. எழுத மனமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் கண்ணில் பட்டது. சாலையோரம் ஒரு செங்கல் சூளை வந்ததும் டிரைவர் திரும்பாமலே, "சூளை, சூளை" என்று குரல் கொடுத்தார். மீன்கூடைக்கார அம்மா சுருக்குப்பையிலிருந்து போனை எடுத்தார். எதிரே இருந்த கம்பெனித் தொழிலாளி சட்டைப்பையைத் துழாவினார். என் அம்மா கைப்பையைத் திறந்தாள். நாலைந்து போன்கள் ஒரே நேரத்தில் பாட்டுப் பாடி அணைந்தன.

"இன்னாம்மா பண்றீங்க எல்லாரும்?"

"இங்கேர்ந்து ஆந்திரா டவர்டி. வர்ற போனை எடுத்தாலே ரோமிங்னு துட்டு புடுங்கினு பூடுவான்."

"இத ஏம்மா மின்னாடியே சொல்லல?"

"நீதானடி போன் படிப்பு படிக்கிற? உனுக்குத் தெரியாதா இன்னா?"

மீன்கூடைக்கார அம்மா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கூடை ஆடியது. எனக்கு வந்த கோபத்துக்கு அம்மாவை அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன். பத்து நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்துதானே அணைத்திருக்கிறாள்! பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தேன். சிக்னலுக்குக் கீழே டவர் எண் மாறியிருந்தது. அந்த எண்ணை ஒருநாள்கூட எழுதாதவள் நான்தான். பக்கத்து மாநிலத்து டவரை அளந்து, கும்மிடிப்பூண்டி டவர் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

மூன்று நாளில் எண்ணோடு சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். வெள்ளிக்கிழமை பேராசிரியர் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். டவர் மாறும் இடத்தையே தனி அத்தியாயமாக எழுதச் சொன்னார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர், வரைபடத்தில் சூளை இருந்த இடத்துப் புள்ளிக்கோட்டைத் தொட்டு, "இதை எந்த சாஃப்ட்வேர்ல கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

"ஷேர் ஆட்டோல சார்."

முழுக் கதையையும் சொல்ல வைத்தார். பாஸ்.

வெளியே ஓடிவந்து அம்மாவைக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். இன்றைக்குக்கூடவா என்று எரிச்சல் வந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது: வீட்டில் இருந்தால் படபடப்பாக இருக்கிறது என்று காலையிலேயே மாதர்பாக்கத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். அம்மா சூளைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் போன் போட்டுப் பார்த்தேன். மீஞ்சூர் தாண்டியதும் மணி அடித்தது. முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டாள். பின்னால் ஆட்டோ இரைச்சல்.

"சூளை இப்பத்தான் தாண்டுச்சு. சொல்லுடி, இன்னா ஆச்சு?"

"பாஸும்மா."

அம்மா "பாஸாயிட்டாளாம்!" என்று ஆட்டோவைப் பார்த்துக் கத்தினாள். "யாரு, அக்கா?" என்று ஒரு குரல் கேட்டது.

"எம் பொண்ணுதான். நம்ம சூளைய கண்டுபிடிச்சாளே, அவ!"