கஞ்சி போட்ட காற்றுப்பை

விமானம் வானத்தில் படுத்தும் பாட்டை எல்லோரும் பேசுவார்கள். தரையில் அது பண்ணும் வம்பு, இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவனுக்குத்தான் தெரியும். சண்டைக் காலத்தில் எனக்கு அந்த வேலை. பந்தல்குடி சாலையோரத்துத் தரிசைச் சமன்செய்து, பயிற்சி விமானம் இறங்க ஒரு களம் போட்டிருந்தார்கள். கிழக்கு எல்லையில் உயரமான கண்மாய்க் கரை.

தரையில் ஓட்டுவதற்கு டாக்ஸியிங் என்று பேர். எங்கள் விமானத்துக்குப் பிரேக் கிடையாது. மூக்கு மேலே தூக்கி நிற்பதால் பைலட்டுக்கு நேர் எதிரே ஒன்றும் தெரியாது. பாம்பு மாதிரி வளைந்து வளைந்து, ஆள் நடக்கிற வேகத்தில்தான் போக வேண்டும். கிளம்புவது எப்போதும் காற்றை எதிர்த்து. காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல, கம்பத்தில் ஒரு துணிப்பை தொங்கும்.

அந்தப் பை கிழிந்துபோனது. பாளையம்பட்டி நெசவாளர் சென்னப்பர் புதிதாக நெய்து தைத்துக் கொடுத்தார். அதைக் கட்டிய மறுநாள் குருசாமிக்கு முதல் சோலோ, மாஸ்டர் இல்லாமல் தனியாகப் பறப்பது. திருச்சுழிப் பக்கம் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. ஏற்கெனவே இரண்டு தரம் இறக்கையைத் தரையில் உரசியவன்.

"இன்னொரு தப்பு, நேரா ஊருக்கு வண்டி ஏறு" என்று சொல்லியிருந்தார் பயிற்சி மாஸ்டர்.

காலையில் கிழக்கே இருந்து வரும் கீழ்க்காற்று. பை மேற்கே நீட்டி நின்றது. அதைப் பார்த்துக் குருசாமி மேற்குக் கோடிக்கு ஓட்டிப் போய், கிழக்கே முகம் திருப்பினான். முதுகுச் சட்டை ஒட்டிக்கொண்டு வயிற்றுப் பக்கம் புடைத்தது. அதற்குள் காற்று மாறி, எங்களுக்குப் பின்னால் இருந்து வந்தது. பை மட்டும் விறைப்பாக, காலையில் நின்ற இடத்திலேயே நின்றது. இப்படியே கிளம்பினால் தரையை விட்டு எழும்புவதற்குள் கண்மாய்க் கரை வந்துவிடும்.

கத்தினால் எஞ்சின் சத்தத்தில் கேட்காது. பதர் பிரியப் பொலி தூற்றுகிறவன் மாதிரி ஒரு கை மண்ணை அள்ளி இறக்கை நுனிக்கு வெளியே உயர எறிந்தேன். புழுதி அவனைத் தாண்டி முன்னால் போனது. களத்துமேட்டில் வளர்ந்தவன் அல்லவா, பார்த்துக்கொண்டே இருந்தான். எஞ்சின் சத்தத்தைக் குறைத்தான். நான் இறக்கையைப் பிடிக்க, அப்படியே திருப்பிக் கிழக்குக் கோடிக்கு வளைந்து வளைந்து ஓட்டினான்.

மாஸ்டர் குறுக்கே ஓடி வந்தார். "யாரைக் கேட்டுலே திரும்புன?"

"காத்தைக் கேட்டேன், சார்."

"பை என்ன சொல்லுது?"

"அது காலையில சொன்னதையே சொல்லுது, சார்."

மாஸ்டர் குனிந்து மண்ணை அள்ளி விட்டுப் பார்த்தார். போ என்று கையைக் காட்டினார். அவன் மேற்கே பார்த்துக் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, உரசாமல் இறங்கினான். "அண்ணாச்சி, மொத நாளே மண்ணை வாரித் தூத்துறீகளேன்னு பதறிட்டேன்" என்றான்.

பையை இறக்கித் தொட்டால், மடங்கித் திரும்ப வழியில்லாமல் பலகை மாதிரி இருந்தது. சென்னப்பரைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

"கஞ்சி போடாத துணியை என் வீட்லருந்து அனுப்புனா நாலு பேரு என்ன சொல்லுவாக?"

மூன்று தண்ணீரில் அலசிக் கட்டினோம். துவண்டு தொங்கியது. சின்னக் காற்றுக்கும் திரும்பியது. இருந்தாலும் அன்றிலிருந்து எங்கள் களத்தில் ஏறுகிற பையன்கள், ஏறுவதற்கு முன் ஒரு கை மண்ணை அள்ளி விட்டுப் பார்த்தார்கள். நீங்களும் ஒரு கம்பத்தை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள்.

சென்னப்பர் கம்பத்தடியில் நின்று, கஞ்சி போய்த் துவண்ட துணியை அண்ணாந்து பார்த்தார். "இதை நெய்ஞ்சது நான்னு யாருட்டயும் சொல்லிராதீக" என்று சொல்லிவிட்டுப் போனார்.